வரம்பும் வலிமையும்: போக்கிமான் ஆட்டத்தில் அணி வகுக்கும் முறை

வலிமை என்பது தனித்து நிற்கும் பொருளன்று. எந்தக் களத்தில், எந்த விதியின்கீழ், யாரை எதிர்த்து, யாரைத் துணைக்கொண்டு என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே ஒன்றை வலியது என்றோ மெலியது என்றோ கூற இயலும். திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் 47 முதல் 50 வரை அடுத்தடுத்து நிற்பது இக்கருத்துப்பற்றியே எனலாம். நம் நாட்டுப்புறத்து ஆடுபுலி ஆட்டமும் இதனையே காட்டும். ஒரு புலிக்கு ஓர் ஆடு எவ்வகையிலும் நிகரன்று; எனினும் கட்டத்தின் கோடுகளும் நகர்த்தும் விதியும் சேர்ந்து மூன்று புலிகளையும் பதினைந்து ஆடுகளையும் ஒத்த வலியுடைய இரு படைகளாக ஆக்கிவிடுகின்றன.

இவ்வுண்மையை இக்காலச் சிறுவர் வேறொரு வாயிலாகக் கற்கின்றனர். தேக்காவிலும், சிராங்கூன் சாலையிலும், வீவக அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்திலும் கைபேசியைக் குனிந்து நோக்கியபடி நிற்கும் இளையரில் சிலர் போக்கிமான் ஆடுபவராக இருத்தல் கூடும். பெரியோர் அதனை வீண்பொழுது என ஒதுக்குவர். அவ்வாட்டத்தில் வரம்பிட்ட போட்டி என ஒன்று உண்டு. அதில் அணி வகுப்பதற்கு வேண்டும் ஆராய்ச்சி எத்தகையது என்பதையும், அதனைத் தமிழில் எடுத்துரைக்க இயலுமா என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

ஆட்டத்தின் வரலாறு

போக்கிமான் ஆட்டம் 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்தது. இதனைப் படைத்தவர் சத்தோஷி தஜிரி. இளமையில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் அவருக்கிருந்த ஆர்வமே இதற்கு வித்தாயிற்று. கற்பனை உயிரிகளைப் பிடித்தல், வளர்த்தல், பிறர் வளர்த்தவற்றோடு மோதவிடுதல் ஆகிய மூன்றுமே இதன் உறுப்புகள். தொடக்கத்தில் 151ஆக இருந்த உயிரிகள் இன்று ஆயிரத்தைக் கடந்துவிட்டன.

சிங்கப்பூர்க்கு இது முற்றிலும் புதுமை அன்று. முற்காலத்தில் இங்குள்ள சிறுவர் செடிகொடிகளில் சண்டைச் சிலந்திகளைத் தேடிப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து வைத்திருந்து, தோழரின் சிலந்தியோடு மோதவிட்டு மகிழ்ந்தனர். பிடிப்பதில் திறமும், எதனை எதனோடு மோதவிடுவது என்னும் தேர்ச்சியும் அன்றும் வேண்டப்பட்டன. தீப்பெட்டி இருந்த இடத்தில் இன்று கைபேசி இருக்கிறது.

நடந்து சென்று உயிரிகளைப் பிடிக்கும் போக்கிமான் கோ என்னும் கைபேசி ஆட்டம் 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் சிங்கப்பூரில் வெளியாயிற்று. அம்மாதத்திலேயே ஹவ்காங்கில் புளோக் 401 அருகே இரவிலும் பெருங்கூட்டம் திரண்டது செய்தித்தாள்களில் இடம்பெற்றது. 2019 ஏப்ரலில் சாங்கி ஜூவலில் போக்கிமான் விற்பனை நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. ஜப்பானுக்கு வெளியே நிலையாக அமைந்த அந்நிலையங்களுள் அன்று அஃது ஒன்றே. அதே மாதத்தில் செந்தோசாவில் இவ்வாட்டத்திற்கெனப் பெருவிழா ஒன்றும் நடந்தது. இவை அறியப்பட்ட செய்திகள். 2018 டிசம்பரில் இவ்வாட்டத்தில் இருவர் நேருக்கு நேர் பொருதும் முறை சேர்க்கப்பட்டதே நாம் கருதும் பொருளுக்கு அடிப்படை. அதுவரை பிடிப்போர் ஆட்டமாக இருந்தது, அதன்பின் வகுப்போர் ஆட்டமாகவும் ஆயிற்று.

இனமும் பகையும்

உயிரி ஒவ்வொன்றும் ஓரினத்தையோ ஈரினங்களையோ சார்ந்தது. நெருப்பு, நீர், புல், மின், பனி, நிலம், பாறை, எஃகு, பறத்தல், மற்போர், உளம் முதலாக இனங்கள் பதினெட்டு. நீர் நெருப்பை அவிக்கும். நெருப்புப் புல்லை எரிக்கும். புல் நீரை உறிஞ்சும். இவ்வாறு இனங்கள் ஒன்றையொன்று வென்று ஒரு வட்டமாகச் சுழல்கின்றன. எல்லாவற்றையும் வெல்லும் இனம் ஒன்றும் இல்லை.

பகை இனத்தின் அடி 1.6 மடங்காக விழும். தாங்கும் இனத்தின்மேல் அது 0.625 மடங்காகக் குறையும். ஈரினமுடைய உயிரிக்கு இவ்விரு கணக்கும் பெருக்கப்படும். இரண்டு இனங்களுக்கும் ஒரே பகை அமைந்தால் அடி 1.6 × 1.6, அஃதாவது 2.56 மடங்கு. இரண்டும் தாங்கினால் ஏறத்தாழ 0.39 மடங்கே. ஒன்று அஞ்ச, மற்றொன்று தாங்கினால் இரண்டும் ஈடாகி அடி இயல்பு நிலையில் நிற்கும்.

விஸ்கேஷ் என்னும் கெளிற்றுமீன் போன்ற உயிரியைக் கருதுக. அது நீரும் நிலமும் ஆகிய ஈரினத்தது. மின்னுக்கு நீர் அஞ்சும். ஆனால் நிலம் மின்னை வாங்கிக்கொள்ளும். ஆதலின் மின்னால் அதற்குக் கேடில்லை. புல்லோ நீர், நிலம் இரண்டிற்கும் பகை. அதன் அடி 2.56 மடங்காக வந்து விழும். எத்தனையோ தாக்குதல்களைத் தாங்கும் அம்மீன் புல்லின்முன் ஒரு நொடியும் நில்லாது. ஒரே வாயிலும் அதற்கு ஒரே திறவுகோலும் உடைய கோட்டை அது. அத்திறவுகோல் பகைவன் கையில் உண்டா என்பதே அதனைக் களமிறக்குவோன் முதலில் ஆராய வேண்டியது.

வரம்பினால் மாறும் மதிப்பு

இருவர் பொருதும் முறையில் சில பிரிவுகளுக்கு வலிமை வரம்பு உண்டு. கிரேட் லீக் எனப்படும் பிரிவில் எந்த உயிரியின் போர்வலிமை எண்ணும் 1500ஐக் கடத்தல் கூடாது. அடுத்த பிரிவில் வரம்பு 2500. அதற்கு மேற்பட்ட பிரிவில் வரம்பே இல்லை.

இவ்வெண் வருவது எங்ஙனம் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. தாக்குதல், தற்காப்பு, உயிர்நிலை என்னும் மூன்று அளவுகளில் தாக்குதலை அப்படியே கொண்டு, தற்காப்பின் வர்க்கமூலத்தாலும் உயிர்நிலையின் வர்க்கமூலத்தாலும் பெருக்கிப் பத்தால் வகுத்தால் போர்வலிமை எண் கிடைக்கும். எனவே தாக்குதலுக்கு முழு விலையும், தற்காப்பிற்கும் உயிர்நிலைக்கும் குறைந்த விலையும் செலுத்துகிறோம்.

எளிய எண்களால் இதனைத் தெளியலாம். ஓர் உயிரிக்குத் தாக்குதல் 121, தற்காப்பு 100, உயிர்நிலை 100 என்க. மற்றொன்றுக்குத் தாக்குதல் 100, தற்காப்பு 121, உயிர்நிலை 121 என்க. முன்னதன் எண் 121 × 10 × 10 ÷ 10 = 1210. பின்னதன் எண் 100 × 11 × 11 ÷ 10 = 1210. ஏட்டில் இரண்டும் சமம். களத்தில் மோதவிட்டுப் பார்ப்போம். அடியின் கனம் அடிப்பவன் தாக்குதலை எதிரியின் தற்காப்பால் வகுத்த அளவினது. முன்னது பின்னதை அடித்தால் 121 ÷ 121, அஃதாவது அடிக்கு ஒரு பங்கு. வீழ்த்த 121 அடிகள் வேண்டும். பின்னது முன்னதை அடித்தால் 100 ÷ 100, அதுவும் ஒரு பங்கே. ஆனால் வீழ்த்த 100 அடிகள் போதும். சம எண்ணுடைய இரண்டில் பொறுமை மிக்கதே வெல்கிறது.

இதனால் விளையும் விந்தை ஒன்றுண்டு. ஒவ்வோர் உயிரிக்கும் இம்மூன்று அளவுகளிலும் பிறவிச் சிறப்பாக 0 முதல் 15 வரை கூடுதல் மதிப்பு அமைகிறது. மூன்றிலும் 15 பெற்றதே நிறைவுடையது எனப் புதிதாக ஆடுவோர் போற்றுவர். வரம்பில்லாப் பிரிவில் அது மெய்யே. 1500 வரம்பின்கீழோ, தாக்குதலில் 0, ஏனைய இரண்டிலும் 15 பெற்ற உயிரி பெரும்பாலும் அதனினும் மேம்பட்டதாகிறது. முழு மதிப்பெண் பெற்றது பின்னிற்க, ஒரு பாடத்தில் சுழி வாங்கியது முந்துகிறது. இதற்கும் விலக்கு உண்டு. இருவரும் ஒரே கணத்தில் பேரடி விடுத்தால் தாக்குதல் மிக்கதன் அடியே முந்தும். அவ்வொரு கணத்தைக் கருதித் தாக்குதலை விரும்பித் தேர்வோரும் உளர். எவ்வாறாயினும் எந்த விதிக்கு எது ஏற்றது என்று கேளாமல் சிறந்தது எது என்று மட்டும் கேட்பவன் இங்கே விடை பெறான்.

பாறைக் கோப்பை

ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனத்தின் விதிகளோடு நில்லாமல், ஆடுவோர் தாமே விதி வகுத்துக்கொண்ட வரலாறும் உண்டு. சில்ப் அரீனா என்னும் ஆர்வலர் அமைப்பு 2019 ஜனவரி முதல் மாதத்திற்கொரு கருப்பொருள் கொண்ட போட்டிகளை வகுத்தது. வரம்பு 1500. அதற்குமேல், குறித்த சில இனங்களுக்கு மட்டுமே களத்தில் இடம். ஒவ்வொருவரும் ஆறு உயிரிகளைப் பதிவு செய்து எதிரிக்குக் காட்டிவிட வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் அவ்வாறிலிருந்து மூன்றை மறைவாகத் தேர்ந்து இறக்க வேண்டும். மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவர் வென்றவராவார். 2023இல் அவ்வமைப்பு தன் பணியை நிறுத்திக்கொண்டது. எனினும் 2022இல் லண்டனில் நடந்த உலகப் போட்டியில் இவ்வாட்டம் முதன்முதலாக இடம்பெற்றபோது, ஆறைக் காட்டி மூன்றை இறக்கும் முறையே அங்கும் கைக்கொள்ளப்பட்டது.

அவ்வமைப்பின் முதற்போட்டி பாறைக் கோப்பை. பாறை, எஃகு, நிலம், மற்போர் என்னும் நான்கு இனங்களுள் ஒன்றேனும் உடையவற்றுக்கே அதில் அனுமதி. இவ்விதியைக் கண்டவுடன் தேர்ந்த ஆட்டக்காரர் செய்வது ஒரு கழித்தல் கணக்கு. பாறைக்கு மற்போர், நிலம், எஃகு ஆகிய மூன்றும் பகை. களத்தில் வரும் ஏனைய மூவரும் பகைவராதலின் கோப்பைக்குப் பெயர் கொடுத்த பாறையே அங்கு இடர்ப்படும் இனமாகிறது. பாறையும் எஃகும் கலந்த பாஸ்டியோடன் வரம்பிட்ட பிரிவின் பெருஞ்சுவர் எனப் பெயர் பெற்றது. அதன் ஈரினமும் மற்போருக்கும் நிலத்துக்கும் அஞ்சுவன, 2.56 மடங்கு அடி இரு திசையிலிருந்தும் வரும். வெளியே சுவர் எனப்பட்டது இங்கே மண்மேடாகிறது.

இதற்கு மறுதலையாக ஸ்கார்மரி என்னும் எஃகுப் பறவையைக் காண்க. அதன் பகை இனங்கள் நெருப்பும் மின்னுமே. இரண்டும் அனுமதிப் பட்டியலில் இல்லை. வேறோர் இனத்தோடு கலந்து அவை உள்ளே வரலாம், வருவன சிலவே. எஃகு அஞ்சும் மற்போரைப் பறத்தல் தாங்கி ஈடு செய்கிறது. நிலத்தின் அடி அதன்மேல் குறைந்தே விழும். அதன் சிறகடியோ மற்போர் இனத்தாரை வருத்தும். முதல் இனம் உள்ளே நுழைய வழி தருகிறது. இரண்டாம் இனம் வெல்ல வழி தருகிறது. மற்போரும் உளமும் கலந்த மெடிச்சாம் அப்போட்டியில் பெயர் பெற்றதும் இக்காரணத்தாலே.

மூவர் அணி

பழந்தமிழ் நூல்கள் படையின் முன்னணியைத் தூசி என்றும், பின்னணியைக் கூழை என்றும் வழங்கும். இவ்வாட்டத்து மூவரையும் அப்பெயர்களால் குறிக்கலாம். முதலில் இறங்குவது தூசி. தூசிக்குப் பகை எதிர்ப்பட்டால் இடையில் புகுந்து ஈடு கொடுப்பது மாற்றாள். இறுதிவரை காத்திருந்து முடித்து வைப்பது கூழை.

விஸ்கேஷ், ஸ்கார்மரி, மெடிச்சாம் என மூன்றை ஓரணியாகக் கொள்வோம். விஸ்கேஷின் ஒரே பகை புல். ஸ்கார்மரியின் எஃகும் பறத்தலும் புல்லைத் தாங்குவன. புல்லின் அடி அதன்மேல் 0.39 மடங்கே. ஸ்கார்மரிக்குப் பகை நெருப்பும் மின்னும். விஸ்கேஷின் நீர் நெருப்பைத் தாங்கும், நிலம் மின்னைத் தாங்கும். மெடிச்சாம் பறத்தலுக்கும், தேவதை இனத்துக்கும், ஆவி இனத்துக்கும் அஞ்சும். முன்னிரண்டை எஃகுப் பறவை ஏற்றுக்கொள்ளும். பாறையும் எஃகும் எதிர்ப்பட்டால் மெடிச்சாம் முன்செல்லும். இம்மூன்றில் எதனையும் தனித்து மிக வலியது எனச் சொல்ல வேண்டுவதில்லை. ஒன்றன் குறையை மற்றொன்று மூடும்படி அமைந்திருப்பதே இவ்வணியின் வலிமை. வலியறிதல் அதிகாரம் எடைபோடச் சொல்லும் நால்வகை வலிமையுள் துணைவர் வலிமையும் ஒன்றாக எண்ணப்படுவது இங்கே நினைவுகூரத்தக்கது.

இதற்கு நேர்மாறான வகுப்பும் ஒன்று உண்டு. பின்னிற்கும் இரண்டையும் ஒரே பகையுடையனவாக வைப்பது அது. விஸ்கேஷும், அதனைப் போலவே நீரும் நிலமுமாகிய குவாக்சயரும் பின்னிற்க, ஸ்கார்மரியைத் தூசியாக நிறுத்துவர். எதிரியிடம் புல்லினம் பெரும்பாலும் ஒன்றே இருக்கும். அதனைத் தூசியே வீழ்த்தினும் நன்று. நீரினத்தில் ஒன்று தன்னைப் பலிகொடுத்து அதன் ஆற்றலைத் தீர்த்தாலும் நன்று. பின்னர் எஞ்சிய நீரினத்தைத் தடுப்பார் இல்லை. ஒத்த குறையை இரு முறை வைப்பது பேதைமைபோல் தோன்றினும், பகைவனிடம் ஒரு மருந்தே உண்டு என்பதை அறிந்தோன் இவ்வாறு செய்வான். அறியாமல் செய்தால் பேதைமையே ஆகும்.

ஆறில் மூன்றைத் தேர்வதற்கு இருபது வழிகள் உள. அம்மூன்றில் தூசி எது எனவும் குறித்தால் அறுபது. எதிரிக்கும் அறுபது, ஆக 3600 எதிர்ப்பாடுகள். இத்தனையையும் எவரும் எண்ணிக்கொண்டிரார். எதிரி எதனை அஞ்சுவான் என்பதையே எண்ணுவர். புல்லும் நிலமுமாகிய டோர்டெர்ரா ஆறில் ஒன்றாகப் பதிவாகியிருந்தால், அது களத்தில் இறங்காவிடினும் எதிரி தன் விஸ்கேஷை இறக்கத் தயங்குவான். பட்டியலில் நிற்பதே அதன் போர். அடுத்த ஆட்டத்தில் எதிரி அதனைப் பொருட்படுத்தாது விடும்போது அது மெய்யாகவே இறங்கும்.

சிற்றடி, பேரடி, கேடயம்

போர் தொடங்கிய பின்னர் அரை நொடியே காலத்தின் அலகு. சிற்றடிகள் ஓய்வின்றி விழும். ஒவ்வொன்றும் சிறிது ஆற்றலைச் சேர்க்கும். ஆற்றல் நிறைந்தால் பேரடி விடலாம். பேரடியைத் தடுக்க ஒவ்வொருவர்க்கும் இரண்டு கேடயங்கள் உண்டு. மூன்று உயிரிகளுக்கும் சேர்த்து இரண்டே ஆதலின் சிக்கனம் வேண்டும்.

எதிரியின் சிற்றடிகளை எண்ணி வருபவர் அவனிடம் சேர்ந்துள்ள ஆற்றலை அறிவார். விரைவில் நிறையும் எளிய பேரடியா, நெடிது சேர்த்து விடுக்கும் கொடிய பேரடியா என்பதை உய்த்துணர்ந்தே கேடயம் எடுப்பார். எதிரியும் இதனை அறிந்து, கொடியதற்கு வேண்டிய ஆற்றலைச் சேர்த்துக் காட்டி எளியதை விடுத்துக் கேடயத்தைப் பறிப்பான். உயிரியை மாற்றுவதற்கும் தடை உண்டு. ஒருமுறை மாற்றியவர் சிறிது காலம் மீண்டும் மாற்ற இயலாது. ஆதலின் முதலில் மாற்றியவரை எதிரி தக்க பகையைக் கொண்டு கட்டிப்போடுவான். தோற்கும் எனத் தெரிந்த இடத்திலும் சிலர் பொறுத்து நிற்பதன் காரணம் இதுவே. காலமறிதல் என்பதன் பொருளை அரை நொடிகளில் கற்பிக்கும் பள்ளி இது.

இவ்வளவுகள் நிலையானவை அல்ல. அடிகளின் கனமும் அவை சேர்க்கும் ஆற்றலும் பருவந்தோறும் திருத்தப்படுகின்றன. சென்ற பருவத்தில் வென்ற அணியை அப்படியே சுமந்து வருபவர் இப்பருவத்தில் தோற்பதுண்டு. மனப்பாடம் இங்கே நெடுநாள் உதவாது.

தமிழாசிரியர் கருதத்தக்கது

இவ்வாட்டத்திற்குச் செலவாகும் காலம், கண்ணுக்கு நேரும் களைப்பு, பொருள் கொடுத்து வாங்கத் தூண்டும் அமைப்பு, சாலையில் கவனம் இழக்கும் இடர் ஆகியவற்றை மறைப்பதற்கில்லை. அவற்றுக்கு வரம்பிடுதல் பெற்றோர் கடமை. ஆயின் ஆசிரியர் கருத வேண்டியது வேறொன்றும் உண்டு.

சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய குடியிருப்பாளரில் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியும் பேசுவோர் 48.3 விழுக்காட்டினர். தமிழை மிகுதியும் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். தமிழ் நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்று, பள்ளியில் பயிலப்படுவது, ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ்மொழி விழாவும் நடைபெறுகிறது. ஒரு மொழி ஒருவனிடம் தங்குவது அவன் ஆர்வத்தோடு எண்ணும் பொருளை அம்மொழியில் எண்ணும்போதுதான். கொடிய பேரடியா எளிய பேரடியா என்று உய்த்துணரும் சிறுவன் அவ்வெண்ணத்தை ஆங்கிலத்தில் சரளமாகச் சொல்லித் தமிழில் திகைப்பானாயின், அவனிடம் அறிவுக் குறை இல்லை. அப்பொருளுக்குரிய தமிழை அவனுக்கு எவரும் தந்ததில்லை.

தருதற்குத் தடையும் இல்லை. தூசி, கூழை, மாற்றாள், சிற்றடி, பேரடி, கேடயம், வரம்பு, ஈடு, பகை, துணை எனும் சொற்களால் மேலே கூறிய அனைத்தும் விளங்கின. இவற்றிற் சில ஆயிரம் ஆண்டுப் பழமையுடையன; சில இரு எளிய சொற்களைச் சேர்த்த அளவில் அமைந்தன. போக்கிமான், ஸ்கார்மரி போன்ற பெயர்களை ஒலிப்படியே கொண்டால் குற்றமில்லை. பெயர் இரவலாகலாம், காரணம் காட்டும் வாக்கியம் சொந்தமாக இருத்தல் வேண்டும். ‘ஆதலின்’, ‘ஆயின்’, ‘இல்லையேல்’, ‘எனினும்’ என்னும் இடைச்சொற்கள் இன்றி மூவர் அணியை விளக்க எவராலும் இயலாது. இலக்கண வகுப்பில் பட்டியலாகக் கற்ற இவ்விடைச்சொற்கள் அணி வகுக்கும் பேச்சில் தேவையாகவே வந்து நிற்கும்.

வகுப்பில் இதற்குக் கைபேசி வேண்டுவதில்லை. நான்கு இனங்களையும் அவற்றின் பகைகளையும் கரும்பலகையில் எழுதி, ஆறு உயிரிகளின் பெயரை எதிரே இட்டால் போதும். 1.6ஐ 1.6ஆல் பெருக்கும் கணக்கு ஒரு புறமும், சொற்போர் மறுபுறமும் நடக்கும். ஆட்டம் அறியாத மாணவர்க்கு ஆடுபுலி ஆட்டத்தைக் கொண்டு இதே பயிற்சியை அளிக்கலாம். கேட்க வேண்டிய வினா எளியது: ‘மூன்றில் எதனை முதலில் நிறுத்துவாய்? ஏன்?’ முதல் வினாவுக்கு ஒரு சொல் விடையாகும். இரண்டாம் வினாவுக்கு மாணவன் ஐந்து வாக்கியம் தமிழில் பேசியாக வேண்டும். தன் தோழன் மறுத்தால் இன்னும் ஐந்து.